நானூற்று அறுபத்துநான்கு

புத்தூர்க் கிளையில் புதிதாகச் சேர்ந்தவருக்குத் தட்டச்சு வராது என்று முதன்முதலில் சொன்னது நான்தான். மற்றவர்கள் பிறகு சொன்னார்கள், சிரித்துக்கொண்டும் சொன்னார்கள். ஆனால் தொடக்கி வைத்தது நான். அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது.

நான் ஒரு தனியார் மருத்துவ ஆய்வுகூடத்தில் கணினிப் பகுதியைப் பார்க்கிறவள். பகுதி என்றால் ஆள் நான் ஒருத்திதான். தலைமையகம் யாழ்ப்பாண நகரத்தில். இரத்தமும் சிறுநீரும் வாங்கிப் பதிந்து நகரத்துக்கு அனுப்புகிற கிளைகள் அப்போது இரண்டு இருந்தன, ஒன்று கொக்குவிலில், மற்றது புத்தூரில். நடத்துகிறவர் ஒரு நோயியல் வைத்தியர். எல்லாருக்கும் அவர் டொக்டர். எனக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. கொக்குவிலில் வீடு, ஸ்கூட்டியில் ஏறினால் பத்து நிமிடத்தில் கந்தோர். என் வேலையில் நான் கெட்டிக்காரி. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் அறிக்கைகளின் அடியில், மாதிரியைப் பதிந்தவரின் பெயர் அச்சாகும். ஒருவருடைய இரத்தம் இன்னொருவருடைய பெயரில் போய்விட்டால் யாரைக் கேட்பது என்று தெரியவேண்டுமே. அதனால் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். இந்தப் பெயர்கள் முழுவதையும் நகரத்தில் உள்ள ஒரு சேர்வர் வைத்திருக்கிறது. டிரெக்டரி என்று சொல்வோம். புத்தூரில் ஒருவர் காலையில் கணினியின் முன் இருந்து கடவுச்சொல்லை அடித்தால், இவர் எங்கள் ஆளா, இவருக்கு எதற்கெல்லாம் அனுமதி என்று அந்தக் கணினி நகரத்து டிரெக்டரியைக் கேட்கும். ஓம் என்று பதில் வந்தால்தான் திரை திறக்கும்.

முதல் சில வருடங்கள் கிளைகளுக்கும் நகரத்துக்கும் இடையில் எந்தத் தடையும் இருக்கவில்லை. எந்தக் கணினியும் எந்தக் கணினியோடும் பேசலாம். ஒருநாள் கொக்குவிலில் யாரோ செருகிய பென்டிரைவில் இருந்து வந்த வைரஸ் மத்தியானத்துக்குள் புத்தூருக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் அறிக்கைகளைக் கையால் எழுதிக் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் டொக்டர் ஃபயர்வோல் வாங்கச் சம்மதித்தார்.

ஃபயர்வோலைப் பெட்டியில் இருந்து எடுத்துப் பூட்டுவது பெரிய வேலை இல்லை. எதை விடுவது, எதை மறிப்பது என்று அதற்கு எழுதிக் கொடுப்பதுதான் வேலை. கணினிகள் ஒன்றோடொன்று பேசும்போது ஒவ்வொரு வகைப் பேச்சுக்கும் ஓர் எண் உண்டு. போர்ட் என்பார்கள். சேர்வர் எங்கே இருக்கிறது என்று விசாரிக்க 53. ஆளை அடையாளம் காட்ட 88. மணிக்கூட்டைச் சரிபார்க்க 123. டிரெக்டரியில் தேட 389. கோப்புகளுக்கு 445. இன்னும் சில. எழுதிக் கொடுத்த எண்களை ஃபயர்வோல் விடும், எழுதாத எல்லாவற்றையும் மறிக்கும்.

அந்தப் பட்டியலை நானே எழுதினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அது ஏன் வேண்டும் என்று ஒரு வரி. இந்த வேலையில் பலர் வழுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. 135 என்ற எண்ணில் தொடங்குகிற பேச்சு, கொஞ்ச நேரத்தில் வேறோர் உயரமான எண்ணுக்குத் தானாக மாறிக்கொள்ளும். பழைய கைந்நூல்களில் அந்த உயரம் 1025 இல் தொடங்குவதாக இருக்கும். புதிய சேர்வர்களில் அது 49152 இல்தான் தொடங்குகிறது. பழையதைப் பார்த்துத் திறந்தவர்கள் கிழமைக்கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நான் அதில் விழவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் மாற்றத்தைச் செய்தேன். ஞாயிறு இரண்டு கிளைகளுக்கும் போய் ஒவ்வொரு கணினியாகத் திறந்து பார்த்தேன். திங்கள் காலை ஆறரைக்கே புத்தூரில் வெறுவயிற்று இரத்தம் கொடுக்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். கிளைப் பொறுப்பாளர் தொலைபேசி எடுத்து, "ஒரு பிரச்சினையும் இல்லை மிஸ், எல்லாம் வேலை செய்யுது," என்றார். நான் அந்தப் பட்டியலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டினேன். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றும் கொஞ்சம் நினைத்திருப்பேன்.

மூன்று கிழமை கழித்துப் புத்தூரில் புதிதாக ஒருவர் சேர்ந்தார்.

அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. தென்மராட்சிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் உதவியாளராக இருந்தவர். கணவர் இறந்த பிறகு புத்தூரில் தங்கையின் வளவுக்குள் ஒரு சின்ன வீட்டுக்கு வந்திருந்தார். நேர்முகத்துக்கு வந்தபோது ஒரு தடவை கண்டிருக்கிறேன். ஒல்லியான, நிமிர்ந்து நடக்கிற மனுசி. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். மாதிரிகளைப் பதிகிற வேலைக்கு டொக்டர் அவரை எடுத்தார். ஆறு மாதம் தகுதிகாண் காலம்.

அவருடைய கணக்கை டிரெக்டரியில் உருவாக்கினேன். எனக்கு ஒரு சட்டம் உண்டு. புதிதாக வருகிறவருக்கு ஒரு தற்காலிகக் கடவுச்சொல்லைக் கொடுப்பேன். முதல்தரம் உள்ளே போகும்போதே அவர் அதை மாற்றித் தன்னுடையதை வைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய கடவுச்சொல் எனக்கும் தெரியக்கூடாது. நல்ல சட்டம்தான். இப்போதும் அதை வைத்திருக்கிறேன்.

முதல்நாள் காலை ஏழரைக்கு அவர் தொலைபேசியில் வந்தார்.

"மிஸ், நீங்கள் தந்ததைப் போட்டன். புதுசு வைக்கச் சொல்லிக் கேட்டுது. வைச்சன். பிறகு ஏலாதாம்."

"என்னெண்டு சொல்லுது அக்கா?"

"இங்கிலீசிலை ரெண்டு வரி வருகுது. ஆறுதலா வாசிக்கட்டோ?"

எனக்குப் பக்கத்தில் அச்சுப்பொறி ஒன்று தாள் சிக்கிக் கத்திக்கொண்டிருந்தது. "முழுக்க வேண்டாம். கடைசியிலை டினைட் எண்டு ஒரு சொல் இருக்கோ?"

"ஓம், இருக்கு."

"அப்ப ரெண்டுதரம் அடிக்கிறதிலை எங்கையோ பிசகியிருக்கு. நான் திரும்பப் புதுசு ஒண்டு போட்டுத் தாறன். பெரிய எழுத்து, சின்ன எழுத்துப் பார்த்து அடியுங்கோ."

புதுசு போட்டுக் கொடுத்தேன். அதுவும் சரிவரவில்லை. மூன்றாவது தடவை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். அதுவும் சரிவரவில்லை. அந்த வேளையில் வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. கிளைப் பொறுப்பாளர், என்னிலும் இரண்டு வயது இளையவர், தொலைபேசியை வாங்கி, "மிஸ், இண்டைக்கு என்ரை பேரிலை திறந்து விடுறன், பிறகு பாப்பம்," என்றார். அது கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சரி என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவவுக்குத் தட்டச்சுப் பழக்கமில்லைப் போலை. கொஞ்சம் பக்கத்திலை நிண்டு பாருங்கோ," என்றேன்.

அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. ஒரு கிழமைக்குள் புத்தூர்க் கிளையில் அது ஒரு பகிடியாகிவிட்டது. இரத்தம் எடுக்கிற தம்பி, காலையில் அவர் மேசையில் இருக்கும்போது, "அக்கா, இண்டைக்குப் பாஸாவீங்களோ?" என்று கேட்பானாம். பொறுப்பாளரும் சிரிப்பாராம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரியவந்தது. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், அவருடைய கடவுச்சொல்லை நான் ஐந்து தடவையோ ஆறு தடவையோ மாற்றிக் கொடுத்தும் அவர் உள்ளே போகவில்லை என்பதுதான். மற்றவர்கள் எல்லாரும் அதே கணினியில் பிரச்சினை இல்லாமல் போய்வந்தார்கள். ஒரே கணினி, ஒரே பாதை, ஒருவருக்கு மட்டும் முடியவில்லை என்றால் குறை அந்த ஒருவரில்தானே என்று எண்ணினேன். அந்தக் கணக்கில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் டொக்டர் கேட்டார். "புத்தூரிலை அந்தப் புது ஆள் எப்பிடி?"

"மாதிரியளைக் கையாளுறது நல்லம் எண்டு சொல்லினம் டொக்டர். ஆனால் கொம்பியூட்டர்தான் அவவுக்குச் சரிவராது போலை."

டொக்டர் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். அவர் எழுதுவதைப் பார்த்தபோது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் நான் அடுத்த விசயத்துக்குப் போய்விட்டேன்.

அடுத்த புதன்கிழமை டொக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஓர் அறிக்கை இருந்தது. அதன் அடியில் புத்தூர்ப் பொறுப்பாளரின் பெயர்.

"இந்த இரத்த மாதிரி செவ்வாய்க்கிழமை பதிஞ்சிருக்கு. செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளை லீவிலை நிண்டது. அதின்ரை பேர் எப்பிடி இதிலை வந்தது?"

நான் சொன்னேன். பொறுப்பாளர் தன் கடவுச்சொல்லையே புதிய அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று.

"உமக்கு இது தெரியுமோ?"

"ஒரு நாளைக்கு எண்டு நான்தான் விட்டனான் டொக்டர். இவ்வளவு நாளும் உப்பிடி நடக்கும் எண்டு நினைக்கேல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். சத்தம் போடுகிறவர் இல்லை. "நாளைக்கு நீர் புத்தூருக்குப் போம். ஒரு நாள் முழுக்க நிண்டு அவவுக்குப் பழக்கிவிடும். ஏலாதெண்டால் வந்து சொல்லும். நான் அவவை நிப்பாட்ட வேண்டித்தான் வரும். பேர் மாறி ஒரு ரிப்போட் போனால் ஆற்றையோ உயிரோடை விளையாட்டு."

மறுநாள் காலை பருத்தித்துறை வீதியால் ஸ்கூட்டியில் போனேன். இரண்டு பக்கமும் வெங்காயத் தறைகளுக்குத் தண்ணீர் மாறிப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த மனுசிக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கவேண்டும், மனம் நோகக்கூடாது என்று வழி நெடுக எண்ணிக்கொண்டு போனேன். அவ்வளவு நல்ல எண்ணத்தோடு போயிருக்கிறேன் என்பதை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

கிளை, வீதியோரத்து வீடொன்றின் முன்பகுதி. வரிசை முடியப் பத்து மணியாகிவிட்டது. அதுவரை ஒரு மூலையில் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய்களில் பெயர் ஒட்டும்போது, ஒட்டிய பிறகு ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குப் பிடித்து மறுபடி வாசித்தார். ஒரு கிழவர் தன் பெயரைச் சொன்னதும், "அப்பான்ரை பேரையும் சொல்லுங்கோ ஐயா, இதே பேரிலை இன்னொராள் முந்தநாள் வந்தவர்," என்றார். இந்த ஆள் எழுத்தைப் பிழையாக அடிப்பாரா என்று முதல்தடவையாக எனக்குள் ஒரு கேள்வி வந்தது.

கூட்டம் கலைந்ததும் அவர் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். புதிய தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு விரல்களால் அடித்தார். மெதுவாகத்தான், ஆனால் ஒவ்வொரு சாவியையும் பார்த்து அழுத்தினார். கடவுச்சொல்லைக் காட்டுகிற சின்னக் கண் அடையாளத்தை அழுத்திக் காட்டச் சொன்னேன். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. புதியதை வைக்கச் சொல்லிக் கணினி கேட்டது. வைத்தார். இரண்டாம் தடவையும் வைத்தார். இரண்டும் ஒன்றே. நான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்த இரண்டு ஆங்கில வரிகள் வந்தன.

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒண்டு சொல்லட்டோ மிஸ்? எனக்கு உந்தக் கொம்பியூட்டரைப் பற்றி ஒண்டும் தெரியாது. ஆனால் பாத்ததைச் சொல்லுறன்."

"சொல்லுங்கோ அக்கா."

"நீங்கள் தாறதை நான் வேணுமெண்டே பிழையா அடிச்சுப் பாத்தனான். பிழையா அடிச்சால் டக்கெண்டு பிழை எண்டு சொல்லுது. அது வேறை வசனம். சரியா அடிச்சுப் புதுசு வைச்சால் கன நேரம் நிண்டு போட்டுத்தான் உந்த வசனம் வருகுது. மணிக்கூட்டைப் பாத்து நாலு தரம் எழுதி வைச்சிருக்கிறன். நாலு தரமும் கிட்டத்தட்ட ஒரே நேரம்."

மேசை லாச்சியைத் திறந்து ஒரு கலண்டர் தாளை எடுத்துத் தந்தார். பின்பக்கத்தில் நாலு வரிகள். திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வந்த வசனத்தின் முதல் மூன்று சொற்கள். பாடசாலை ஆய்வுகூடத்தில் பரிசோதனை எழுதுகிற மாதிரியே கோடு கீறி எழுதியிருந்தார்.

"ஏனக்கா இதை எனக்குச் சொல்லேல்லை?"

"ரெண்டுதரம் சொல்ல வெளிக்கிட்டனான். நீங்கள் அவசரத்திலை நிண்டனீங்கள்."

அந்த இரண்டு வரிகளையும் நான் அப்போதுதான் முழுவதுமாக வாசித்தேன். சேர்வரில் இருந்து விபரத்தைப் பெறமுடியவில்லை, சேர்வர் கிடைக்காமல் இருக்கலாம் அல்லது அனுமதி மறுக்கப்பட்டிருக்கலாம் என்று இருந்தது. முதல் நாளே அவர் வாசிக்கட்டோ என்று கேட்ட வரிகள். நான் கடைசிச் சொல்லை மட்டும் கேட்டு வாங்கியிருந்தேன்.

ஃபயர்வோல் ஒன்று இரண்டு விதமாக மறிக்கலாம். முடியாது என்று உடனே பதில் அனுப்பலாம். அல்லது வந்ததைச் சத்தம்போடாமல் கீழே போட்டுவிடலாம். கேட்ட கணினி பதில் வரும், வரும் என்று காத்திருந்து களைத்துப் போகும். வெளியில் இருந்து தட்டிப் பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியக்கூடாது என்று நான் இரண்டாவது விதத்தை வைத்திருந்தேன். அந்தக் கலண்டர் தாளில் இருந்த நாலு வரிகளும் அந்தக் காத்திருப்பின் நீளம்தான். தட்டச்சுப் பிழை ஒருபோதும் அவ்வளவு நேரம் எடுக்காது.

மடிக்கணினியைத் திறந்து ஃபயர்வோலின் பதிவேட்டுக்குள் போனேன். அந்தக் கணினியில் இருந்து சேர்வருக்குப் போகும்போது கடைசிப் பத்து நிமிடத்தில் மறிக்கப்பட்டவை மட்டும் என்று தேடினேன். மூன்று வரிகள், எல்லாம் சற்று முன் நடந்தவை. எண் 464.

அது கடவுச்சொல்லை மாற்றுவதற்கான போர்ட். உள்ளே போவதற்கு 88, மாற்றுவதற்கு 464. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு எண்கள். என்னுடைய பட்டியலில் 88 இருந்தது, 464 இருக்கவில்லை. 49152 என்ற பெரிய பள்ளத்தைத் தாண்டின கெட்டிக்காரி, காலடியில் கிடந்த கல்லில் தடக்கியிருந்தாள்.

மற்றவர்கள் எல்லாருக்கும் எப்படி வேலை செய்தது என்பதும் அப்போது விளங்கியது. அவர்கள் ஒருவரும் கடவுச்சொல்லை மாற்றவில்லை. பழையதையே அடித்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இந்த அக்கா ஒருவர்தான் ஃபயர்வோல் வந்த பிறகு கிளை ஒன்றில் புதிதாகச் சேர்ந்தவர், மாற்றியே ஆகவேண்டியவர். நான் ஒவ்வொரு தடவையும் புதிய கடவுச்சொல் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் உடனே மாற்று என்ற சட்டத்தையும் சேர்த்துக் கொடுத்து, அவரைத் திரும்பத் திரும்ப அதே சுவரில் கொண்டுபோய் மோத விட்டிருக்கிறேன். எங்கள் கடவுச்சொற்கள் மூன்று மாதத்துக்கு ஒருதரம் காலாவதியாகும்; ஃபயர்வோலுக்குச் சற்று முன்தான் எல்லாருடையதையும் ஒன்றாக மாற்றியிருந்தோம். இன்னும் கொஞ்சக் காலம் போயிருந்தால் இரண்டு கிளைகளிலும் ஒவ்வொருவராக இதே இடத்தில் நின்றிருப்பார்கள். அப்போது யாருடைய தட்டச்சைச் சொல்லியிருப்பேனோ தெரியாது.

டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். பட்டியலில் ஒன்று விடுபட்டுவிட்டது, அதுதான் காரணம் என்றேன். அவருக்கு அடுத்த வரிசை நோயாளிகள் காத்திருந்தார்கள் போலிருக்கிறது.

"அப்ப கிளையளுக்கு எல்லாத்தையும் திறந்து விடும். இனி உந்தத் தலையிடி வேண்டாம்."

"இல்லை டொக்டர். எல்லாத்தையும் திறந்தால் பழையபடி ஒரு பென்டிரைவோடை எல்லாம் போகும். ஒரு எண்தான் குறையுது. அதை மட்டும் திறக்கிறன்."

"இன்னும் எத்தினை விடுபட்டிருக்கெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

நியாயமான கேள்வி. "இண்டைக்குப் பின்னேரத்துக்கிடையிலை மறிபட்டது எல்லாத்தையும் ஒவ்வொரு வரியாப் பாத்து உங்களுக்குச் சொல்லுறன். ஆனால் முழுக்கத் திறக்கமாட்டன் டொக்டர்."

"சரி. பாத்துச் செய்யும்," என்று வைத்துவிட்டார்.

ஒரு வரி சேர்த்தேன். 464, டிசிபி, யுடிபி என்ற இரண்டு வகை இணைப்புகளுக்கும். சேமித்தேன். "இப்ப அடியுங்கோ அக்கா," என்றேன்.

அவர் அடித்தார். வட்டம் ஒருதரம் சுற்றி நின்றது. கடவுச்சொல் மாற்றப்பட்டது என்று வந்தது, அதன் பின்னால் திரை திறந்தது. மேல்மூலையில் அவருடைய பெயர் இருந்தது. பதினைந்து நாளில் முதல்தடவை. அவர் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"பிழை என்னிலை அக்கா," என்றேன். "நான் ஒரு எண்ணை விட்டிட்டன். நீங்கள் முதல் நாளிலை இருந்தே சரியாத்தான் அடிச்சிருக்கிறீங்கள். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பின்னறையில் பொறுப்பாளரும் இரத்தம் எடுக்கிற தம்பியும் பிளேன்ரீ குடித்துக்கொண்டு கதைப்பது கேட்டது.

"எனக்குத் தெரியும் பிள்ளை நான் சரியா அடிச்சனான் எண்டு," என்றார். அதுவரை மிஸ் என்று கூப்பிட்டவர். "எனக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை. இஞ்சை இருந்து சிரிச்ச ஆக்களுக்குச் சொல்லுங்கோ. டொக்டருக்கும் சொல்லுங்கோ. வீட்டிலை தங்கச்சியின்ரை மனுசனுக்கும் ஆரோ சொல்லிப்போட்டினம், எனக்கு வேலை ஓடேல்லையாம் எண்டு. அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

குரலில் கோபம் இருக்கவில்லை. யாருக்கு என்ன சொல்லவேண்டும் என்று மனதில் முன்னமே ஒழுங்குபண்ணி வைத்திருந்த மாதிரித்தான் இருந்தது. எனக்கு அது கோபத்தைவிடக் கூடுதலாகப் பட்டது.

பின்னறைக்குப் போனேன். தேநீரோடு இருந்தவர்களுக்கு முன்னால் நின்று சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன், ஆனால் வளைக்காமல் சொன்னேன். ஃபயர்வோல் பட்டியலை எழுதியது நான், அதில் கடவுச்சொல் மாற்றுகிற எண்ணை விட்டது நான், அக்காவுக்குத் தட்டச்சு வராது என்று சொன்னதும் நான், மூன்றும் என்னுடைய பிழை என்றேன். தம்பி கோப்பையைக் கீழே வைத்தான். பொறுப்பாளர் நிலத்தைப் பார்த்தார். பிறகு, "நானும் கதைச்சிருக்கக் கூடாது மிஸ். என்ரை பாஸ்வேட்டைக் குடுத்ததும் பிழை," என்றார். அவர் எழுந்து முன்னுக்குப் போய் அக்காவிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் போகவில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்கும் இடையிலானது.

அன்று பின்னேரம்வரை புத்தூரிலேயே இருந்து, மறிபட்டவை முழுவதையும் வரி வரியாகப் பார்த்தேன். பெரும்பாலானவை மறிக்கவேண்டியவைதான். விடவேண்டியது இன்னும் ஒன்று கிடைத்தது, 636. டிரெக்டரியோடு மறைகுறியில் பேசுகிற எண். புதிதாக வாங்கிய ஸ்கேனர் ஒன்று அதைக் கேட்டுக் கேட்டுக் களைத்திருந்தது. அது வேலை செய்யவில்லை என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பழுதான சாமான் என்று துணியால் மூடி வைத்திருந்தார்கள். அதையும் திறந்துவிட்டேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் நானாகவே முதலில் எழுந்து சொன்னேன். டொக்டர் முழுவதையும் கேட்டார். குறிப்புப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டி ஒரு வரியை வெட்டினார்.

"அந்த மனுசி கலண்டர் தாளிலை எழுதினதெண்டு சொன்னீர். அதைக் கொண்டுவந்தனீரோ?"

கொண்டுவந்திருந்தேன். அவர் அதை வாங்கிக் கனநேரம் பார்த்தார். "இப்பிடி எழுதுற ஆக்களைத்தான் நான் தேடித் திரியிறன்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீரும் நடந்ததை எழுத்திலை தாரும். உம்மைக் குறை சொல்லுறதுக்கு இல்லை. உமக்குப் பிறகு உந்தக் கதிரையிலை இருக்கிற ஆளுக்கு உதவும்," என்றார்.

ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். குறை சொல்வதற்கில்லை என்று அவர் சொன்னாலும் என்னுடைய பங்கைக் குறைத்து எழுதவில்லை. எழுதி முடித்தபோது எனக்கு மனம் சிறுத்துப் போகவில்லை. உண்மையைச் சொன்னால், முன்னைவிட நிமிர்ந்துதான் இருந்தேன். ஒரு பட்டியலில் ஒரு வரி விடுபடும். அதை ஒத்துக்கொண்டு எழுதத் தெரிந்தவளிடம் அந்தப் பட்டியல் இருப்பது நல்லதுதான்.

அக்காவுக்கு ஆறு மாதம் முடிந்ததும் நிரந்தரமாக்கினார்கள். அரியாலையில் புதுக் கிளை திறக்கிற கதை வந்தபோது, அதற்குப் பொறுப்பாகப் போகச் சம்மதமா என்று டொக்டர் அவரைக் கேட்டார். இரண்டு பஸ் மாறவேண்டும், காலை ஆறரைக்கு வந்து சேர ஏலாது என்று அவர் மறுத்துவிட்டார். புத்தூரிலேயே இருக்கிறார். நானும் அவரும் பெரிய சிநேகிதிகள் ஆகிவிட்டோம் என்று சொன்னால் அது பொய். வேலை விசயமாகக் கதைப்போம். ஒருதரம் வீட்டு வளவில் காய்த்தது என்று ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொடுத்துவிட்டார்.

அரியாலைக் கிளைக்கு ஃபயர்வோல் வைத்த நாளன்று காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். திறப்பு நாள் என்பதால் வேலையாட்கள் ஒன்பதுக்குத்தான் வருவார்கள். அதற்கு முன்னம், உண்மையில் இல்லாத ஒருவரை டிரெக்டரியில் உருவாக்கி, அந்த ஆளாக நானே கணினியின் முன் இருந்தேன். தற்காலிகக் கடவுச்சொல்லை அடித்தேன், புதியதை வைத்தேன், உள்ளே போனேன். வெளியே வந்து வேண்டுமென்றே பிழையாக அடித்துக் கணக்கைப் பூட்டுப்பட வைத்தேன். அதைத் திறந்து, கடவுச்சொல்லை மறந்தவளாக மறுபடி தொடங்கினேன். ஸ்கேனரில் ஒரு தாளை வைத்து அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் ஃபயர்வோலின் பதிவேட்டைப் பார்த்தேன். மறிபடக்கூடாதது ஒன்றும் மறிபடவில்லை. பிறகு அந்த இல்லாத ஆளை டிரெக்டரியில் இருந்து அழித்தேன்.

ஒன்பது மணிக்குப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரும் முதல்தடவையிலேயே உள்ளே போனார்கள். பத்துக்குக் கிட்ட, கடலேரியில் கட்டிய களங்கண்டி வலையில் இருந்து நேரே வந்த ஒருவர், கட்டியிருந்த சாரத்தில் ஈரம் காயாமல், வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டோடு வாசலில் நின்றார். இரத்தத்தில் சீனி பார்க்கவேண்டுமாம். அவருடைய பெயரைக் கேட்டுப் பதிந்தார்கள். நான் மடிக்கணினியை மூடிப் பையில் வைத்துவிட்டு, வெளியே போய் ஸ்கூட்டியை நிழலுக்கு மாற்றி விட்டேன்.